மூச்சுப் பிடிப்பு என்றேன், சிரித்தார்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில், சேலத்து மருத்துவமனை ஒன்றில் இது நடந்தது. நான் நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. டீச்சர் உட்கார்ந்தால் மார்க்கும் உட்கார்ந்துவிடும் என்பது தாளாளரின் கொள்கை. காலை முதல் மாலைப் படிப்பு முடியும்வரை நின்றே கற்பிப்போம். எவரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

இடுப்பு வலி எனக்குப் பழையது. அந்த ஆண்டு முற்றியது. கரும்பலகையின் மேல்வரியில் எழுதக் கையை உயர்த்தினாலே கீழ் முதுகு இறுகிப் பிடிக்கும். மூச்சு பாதியில் நின்றுவிடும். தாளாளரிடம் ஒரு நாற்காலி கேட்டேன்.

"முடியலைன்னா ஊட்டுல ஓய்வெடுங்க டீச்சர். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார், குரலில் சிறிதும் கடுமையின்றி. கோடை விடுமுறை முடிவதற்குள் நான் நிமிர்ந்து நிற்க வேண்டும். இல்லையேல் வேலை போய்விடும்.

அதனால்தான் சேலத்துக்குப் போனேன். எலும்பு மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படி இருக்கிறது என்று படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"இடுப்புலதானுங்க வலி. ஆனா மூச்சுப் பிடிப்பு மாதிரி..."

நான் முடிப்பதற்குள் அருகில் நின்ற பயிற்சி மருத்துவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்கப்பா. நம்மூர் பொம்பளைங்களுக்கு நுரையீரல் இடுப்புல இருக்குது."

சிரித்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் சிரித்தாள். படத்தில் பெரிதாக ஒன்றுமில்லையாம். எடையைக் குறைக்க வேண்டுமாம். இடுப்புக்கு பெல்ட் போட வேண்டுமாம். மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளக் கூடாதாம். ஊர் திரும்பும் வழியில் புதுச்சத்திரம் தாண்டும்போது, உடன் வந்திருந்த என் கணவர், "ஒண்ணுமில்லைன்னு அவரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்றார். படத்தில் இல்லாத வலி எனக்கும் இருக்கக் கூடாது என்று வீடும் முடிவு செய்துவிட்டது.

எனக்குக் கோபம் சிரிப்பின் மேல் மட்டுமல்ல. சொற்களைக் கற்பித்துப் பிழைப்பவள் நான். வயலில் குனிந்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் தங்கள் உடம்பைக் கவனித்து உண்டாக்கிய சொல் மூச்சுப் பிடிப்பு. அதன் பொருள் என்னவென்று கேட்கக்கூட ஒருவருக்கு அவகாசமில்லை.

சொன்னபடி பெல்ட் போட்டேன். பாவாடை நாடாவுக்கு மேல் அதையும் இறுக்கினேன். வலி கூடியது.

பிறகு நாமக்கல்லில் இயன்முறை மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். என்னைவிட மிகவும் இளையவர். இம்முறை எச்சரிக்கையாக, "லோ பேக் பெயின்" என்று மட்டும் சொன்னேன்.

"இங்கிலீசெல்லாம் வேண்டாங்க. ஊட்டுல எப்படிச் சொல்லுவீங்க?"

தயங்கித் தயங்கி அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் விலாவில் இரு கைகளையும் வைத்து, போர்டில் எழுதுவதுபோல் கையை உயர்த்தச் சொன்னார்.

"பாத்தீங்களா, மூச்சை நிறுத்திட்டீங்க. சரியான பேரைத்தானுங்க சொல்லியிருக்கீங்க."

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்திருக்கும் தசை உதரவிதானம். மூச்சை இழுப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. வயிற்றுத் தசைகளோடு சேர்ந்து முதுகெலும்புக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுப்பதும் அதுதான். அது சரியாக இயங்காதபோது பாரமெல்லாம் முதுகின் மேல் விழலாம். இதைப் பொறுமையாக விளக்கிவிட்டு, "எல்லா இடுப்பு வலிக்கும் இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேனுங்க. உங்களுக்கு இதுவும் இருக்குது" என்றார். பெல்ட்டைக் கழற்றியவர் நாடா பதிந்த தழும்பைப் பார்த்தார்.

"இத்தனை இறுக்கமா கட்டச் சொன்னது யாருங்க?"

"வயித்தை உள்ள இழுத்து நில்லுன்னு, வயசுக்கு வந்த நாள்லேருந்து எல்லாருந்தான்."

"அப்ப மூச்சு எங்கதானுங்க போகும்? பக்கத்து ஊட்டுக்கா?"

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் விலா விரிந்து அவர் கைகளைத் தள்ளியது. "இதுதானுங்க, இதேதான்" என்று என்னைவிட அவர் மகிழ்ந்தார். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் மனம் கனிகிறது.

கோடை முழுதும் மூச்சு பழகினேன். எதைத் தூக்கினாலும் மூச்சை அடக்காமல் வெளியே விட்டபடி தூக்கப் பழகினேன். வலி முற்றிலும் போகவில்லை, ஆனால் என்னை நிற்க விட்டது. பள்ளி திறந்த அன்று என் வகுப்பில் நின்றேன்.

அடுத்த வகுப்பின் கணித ஆசிரியை நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு பிற்பகல், அவர் சுவரில் சாய்ந்தபடி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமன்பாடு எழுதுவதைக் கண்டேன். ஆசிரியர் அறைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கினேன், மூச்சை நன்றாக வெளியே விட்டபடி. தாழ்வாரத்தில் தாளாளர் எதிர்ப்பட்டார்.

"என்னங்க டீச்சர் இது?"

"நாற்காலிங்க. அந்தப் புள்ளை உக்காரோணும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அது வயிற்றிலிருந்து வந்தது. அவர் வழிவிட்டார். அந்த நாற்காலியை எடுத்துப்போக இதுவரை எவரும் வரவில்லை.

சேலத்துச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் வகுப்பை அடக்க நான் வழக்கமாகச் சொல்லும் "யாரும் மூச்சு விடக் கூடாது" என்பதை மட்டும் நாற்காலி தூக்கிய அன்றோடு விட்டுவிட்டேன். அப்படி அடக்கிய மூச்சு எங்கே போய்ப் பிடிக்கும் என்று என் இடுப்புக்குத் தெரியும்.