என் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லையாம்

எனக்குக் கண் தெரியாது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் சிஸ்டம் மாற்றுவதற்கு ஒருத்தி இப்படிக் குதிப்பாளா என்று தோன்றும்.

வில்லாபுரத்தில் வீட்டில் இருந்தபடியே ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்து தருவது என் வேலை. பேராசிரியர்கள் ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நான் அடிக்கும் எழுத்தையெல்லாம் லேப்டாப்பில் ஒரு குரல் வாசித்துக் காட்டும். எனக்குத் திரை என்றால் அந்தக் குரல்தான். எட்டு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பாதி வாக்கியத்தில் அந்தக் குரல் வேறு எதையோ வாசித்தது. இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராதாம். புது விண்டோஸ் ஏற்றலாம் என்றால் என் லேப்டாப்புக்குத் தகுதி இல்லையாம். மூடினால் இரண்டு நாள் கழித்து மறுபடி வரும். கண் இருப்பவர்கள் ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு அது காதுக்குள் புகுந்து பேசும். நன்றாக உழைக்கிற ஒன்றைத் தகுதி இல்லை என்று சொல்ல இவர்கள் யார்?

வீட்டுக்காரரோடு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இது முடிஞ்சு போச்சுண்ணே. புதுசு வாங்கிருங்க" என்றார், என் வீட்டுக்காரரிடம்.

"நல்லாத்தானே ஓடுது?" என்றேன் நான்.

"ஓடும்ணே. பாதுகாப்பு கிடையாதுல்ல."

கேட்டது நான், பதில் அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, "விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் போட்டா என்ன?" என்றேன்.

அவர் சிரித்தார். "அது இஞ்சினியருங்க போடுறதுண்ணே. அக்காவுக்கு எதுக்கு அம்புட்டு? செல்லுல பாட்டு கேக்கச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில், "போவோமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கடை முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னேன்: "லேப்டாப் என்னோடது. எனக்குக் கண்ணுதான் தெரியாது, காது நல்லாக் கேக்கும். எங்கிட்டயே பேசலாம்." கடைக்காரர் லேப்டாப்பை மூடி என் கைப்பக்கம் நகர்த்தினார். மன்னிப்பு மட்டும் வரவில்லை. லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகவே மேலூருக்குப் பஸ் ஏறினேன். பள்ளிக்கூட விடுதியில் என்னோடு தங்கிப் படித்தவள் அங்கே கல்லூரியில் தமிழ் நடத்துகிறாள். அவளுக்கும் பார்வை இல்லை. லினக்ஸ்தான் வைத்திருக்கிறாள். எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று லினக்ஸ் இருந்த ஒரு பென்டிரைவை என் லேப்டாப்பில் சொருகினாள்.

சத்தமே இல்லை.

"ஒண்ணும் பேசலடி."

"தானா பேசாது. மூணு கீயைச் சேர்த்து அமுக்கணும்" என்று என் விரல்களைப் பிடித்து வைத்துக் காட்டினாள். குரல் வந்தது, வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவதுபோல. சந்தோஷப்படுவதற்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது. "இந்த மூணு கீயைச் சொல்ல ஆள் இல்லாதவ என்னடி பண்ணுவா? எல்லாருக்கும் இலவசம்னு சொல்றானுங்க, வாசல்ல மணி எங்க இருக்குன்னு சொல்ல மாட்டானுங்களா?"

"இதைச் செஞ்சு குடுக்கிறவங்களுக்கு நானும் எழுதிக் கேட்டுட்டேன். நீயும் எழுது" என்றாள். "ஆனா ஒண்ணு, ஒரு மாசத்துக்கு உனக்கு அழுகையா வரும். எனக்கு வந்துச்சு."

சாயங்காலம் வரை என் பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் திறந்தன. திரும்பும் பஸ்ஸில் மனசு ஆறவே இல்லை. விரலுக்குப் பழகிய வழியையெல்லாம் மறந்து நான் எதற்காக மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்? புதுசு வாங்கினால் இந்த வம்பு இல்லை. ஆனால் இன்னும் சில வருஷம் கழித்து அதையும் தகுதி இல்லை என்பார்கள். பஸ் ஒத்தக்கடையைத் தாண்டும்போது முடிவு செய்துவிட்டேன்.

மறுவாரம் நானே ஏற்றினேன். தோழி போனில் இருந்தாள். பழையதையெல்லாம் அழிக்கட்டுமா என்று குரல் கேட்டபோது என் வேலைகளை எடுத்து வைத்திருந்த பென்டிரைவ் மேஜையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு அமுக்கினேன்.

அழுகை வரத்தான் செய்தது. பழைய கீயெல்லாம் இங்கே வேறு வேலை செய்தன. முதல் மாசம் பாதி வேகம்கூட இல்லை. இப்போது பழைய வேகம் வந்துவிட்டது. நான் அனுப்பும் பக்கங்களைப் படிக்கிற பேராசிரியர்களுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

என் கூலிக்கான பில்லை ஏற்ற வேண்டிய ஒரே ஒரு கல்லூரியின் இணையதளம் மட்டும் இதில் வேலை செய்ய மறுக்கிறது. அதற்காக மாசம் ஒருதடவை பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போகிறேன். முதல் தடவை அங்கிருந்த பெண் அந்த இணையதளத்தைத் திறந்துவிட்டு, "பாஸ்வேர்டைச் சொல்லுங்கக்கா, நானே அடிச்சுர்றேன்" என்றாள். சுற்றிலும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ எந்திரிம்மா" என்று சொல்லி அவள் நாற்காலியில் உட்கார்ந்து நானே அடித்தேன்.