கோதண்டம் அண்ணன் போட்ட அரை மார்க்

கூடுவாஞ்சேரியில் நான் வழக்கமாக ஏறும் நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றபோதுதான் பாலாஜியின் செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ‘கோதண்டம் அண்ணன் காலைல தவறிட்டாராம்.’ “அடப் பாவி மனுஷா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். மூன்று நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவரிடம் முழுசாக ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திச் சொல்வதற்குள் போய்விட்டார்.

சிறுசேரிக்கு அவர் ஓட்டிய கம்பெனிப் பேருந்தில் தினமும் வந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உங்களில் பாதிப்பேர் ஏறியதும் தூங்கிவிடுவீர்கள். முன் சீட்டில் நானும் பாலாஜியும் அவரோடு என்ன சண்டை போட்டுக்கொண்டு வந்தோம் என்பது தெரிந்திருக்காது. அதைத்தான் எழுதுகிறேன்.

சண்டை ஒரு விளையாட்டைப் பற்றியது. ஒரு சின்ன ஊரோடு தொடங்கி, நகரம் கட்டி, படை திரட்டி, பேரரசு ஆக வேண்டிய போன் விளையாட்டு. மாதாமாதம் சரித்திரத்திலிருந்து ஒரு போட்டி வைப்பார்கள். யாராக ஆடப்போகிறோம், எந்த நிலையில் தொடங்குகிறோம், எதைச் செய்தால் வெற்றி என்பதெல்லாம் கடைசி நாள்வரை ரகசியம். ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு படம் மட்டும் வெளியிடுவார்கள். அந்தப் படத்தை வைத்துப் போட்டி எப்படி இருக்கும் என்று ஊகிப்பது எங்களுக்கு விளையாட்டைவிடப் பெரிய விளையாட்டாகிவிட்டது.

அவர் இதில் நுழைந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாதப் படத்தில் பாய் விரித்த ஒரு கப்பல். கடற்படைப் போர்தான் என்று நானும் பாலாஜியும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். வண்டலூரில் வண்டி நின்றபோது அவர் திரும்பி, கை நீட்டி என் போனை வாங்கிப் பார்த்தார். “கப்பலு தண்ணிக்கு மேல தூக்கினு நிக்குது மேடம். உள்ள ஆளும் இல்ல, சரக்கும் இல்ல. காலியா போறவன் சண்டைக்கா போவான்? வாங்கியாரப் போறான்” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாங்கள் வருஷக்கணக்காக ஆடுகிறோம், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். போட்டி அறிவிப்பு வந்தது. வணிகம். தூர தேசங்களில் சரக்கு வாங்கிவந்து சேர்ப்பவருக்கு வெற்றி.

மறுநாள் நானே அவர் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன். எங்களை இறக்கிவிட்டபின் சாயங்காலம்வரை பேருந்து நிறுத்துமிடத்தில் அவருக்கு வேலை இல்லை. இரண்டே மாதத்தில் எங்களை ஓட ஓட விரட்டினார். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். படகில் ஏறினால் வாந்தி எடுப்பாராம், அதனால்தான் ஸ்டியரிங் பிடித்தாராம். “போன்ல இருக்கிற கடலு ஆட்ட மாட்டேங்குது ரூத்தம்மா, அதான் ஜெயிக்கிறேன்” என்பார். அதற்குள் நான் அவருக்கு மேடத்திலிருந்து ரூத்தம்மா ஆகியிருந்தேன்.

விதிகள் எல்லாம் அவர் வைத்தவை. முன் கண்ணாடி ஓரத்தில் ஒரு பழைய டிபன் டப்பா இருந்ததே, அதில் எங்கள் ஊகத்தை எழுதிய சீட்டுகள் கேளம்பாக்கம் வருவதற்குள் விழுந்துவிட வேண்டும். ஊகம் சரியானால் ஒரு மார்க். தப்பானாலும் காரணம் நன்றாக இருந்தால் அரை மார்க். காரணம் எழுதாத சீட்டு செல்லாது. “பதிலு யாரு வோணா சொல்லிடலாம். ஏன்னு சொல்லு” என்பது அவர் பேச்சு. மார்க்கை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பார்.

ஒரு முறை கோட்டைமேல் கொடி பறக்கும் படம் வந்தது. கொடி பறக்கும் திசையைப் பார்த்துவிட்டு, காற்று கரையைப் பார்த்து அடிக்கிறது, எதிரி கடல் வழியாக வரப்போகிறான், நாம் காக்க வேண்டும் என்று எழுதினார். நேர்மாறாகிவிட்டது. படகேறிப் படையெடுக்க வேண்டியவர்கள் நாம்தான். மறுபடி படத்தைப் பார்த்தால், தூரத்துப் படகின் பாய் கொடிக்கு எதிர்ப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. “கொடிக்கு ஒரு காத்து, பாய்க்கு ஒரு காத்தா? எவன்யா இத்த வரஞ்சவன்?” என்று ஒரு வாரம் பேஜார் பண்ணினார். காரணம் நன்றாகத்தானே இருந்தது, அரை மார்க் போட்டுக்கொள்ளுங்கள் என்று நாங்கள் கெஞ்சினோம். கேட்கவில்லை. “பாய நான் பாக்கல. பாக்காதது என் தப்பு. எனக்கு சைபரு.”

அப்படிப்பட்டவரிடம்தான் நான் பொய் சொன்னேன்.

கடைசிப் படத்தில் பாதி செதுக்கிய ஒரு பாறைக் கோயில். கீழே உளியும் சுத்தியலும். தூரத்துக் குன்றுக்குப் பின்னால் கொஞ்சம் புகை. அவர் சீட்டில் எழுதியது: வேலை பாதியில் நிற்கிறது, பழைய ராஜா செத்துவிட்டான், புது ராஜாவாகத் தொடங்கி அதை முடிக்க வேண்டும். நான் எழுதியது: அந்தப் புகை எரியும் ஊர், எதிரி வந்துவிட்டான், முற்றுகையில் தொடங்குவோம். சீட்டுகள் டப்பாவில் விழுந்த இரண்டாம் நாள் அவருக்கு நெஞ்சுவலி வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வந்தது. முற்றுகை. நான் ஜெயித்திருந்தேன். மத்தியானம் பார்க்கப் போனேன். முகம் வற்றிப்போய்ப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கஸ்தூரி அண்ணி. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னா வந்துச்சி?”

“நீங்கதாண்ணா ஜெயிச்சீங்க. புது ராஜா, கோயில முடிக்கணும்” என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

“ஏன்னு சொல்லு.”

விடுவாரா மனுஷன். “உளியும் சுத்தியலும் பக்கத்துல பக்கத்துல ஒழுங்கா வெச்சிருக்குண்ணா. எதிரிக்குப் பயந்து ஓடுறவன் போட்டுட்டு ஓடுவான், அடுக்கி வெச்சிட்டா ஓடுவான்? சாவு சேதி கேட்டு வேலைய நிறுத்தினவன்தான் அப்படி வெப்பான்” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். “அத்த நான் பாக்கலையே” என்றார்.

அவர் போனபின் அந்தச் சிரிப்புதான் என்னைப் படுத்தியது. தனக்கே சைபர் போட்டுக்கொண்டவரைப் பொய்யான வெற்றியோடு அனுப்பிவிட்டேனே என்று சர்ச்சில் உட்கார்ந்தால்கூட அதே நினைப்பு. பாலாஜியிடமும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் குப்பத்துக்குப் போனோம். சாப்பாடு முடிந்ததும் கஸ்தூரி அண்ணி என்னைத் தனியாக அழைத்தார்கள். இனி தாங்காது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணி உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்தார்கள்.

“அன்னிக்கு நீ வரதுக்கு முன்னாடியே போன்ல பாத்துட்டாரும்மா. ‘ரூத்து ஜெயிச்சிட்டா, வந்து குதிக்கப் போவுது பாரு’ன்னு சொல்லிகினு கெடந்தாரு. ஒன் வாயால கேக்கணும்னுதான் தெரியாத மாதிரி கேட்டாரு. நீ போனதும் நோட்டக் குடுன்னு வாங்கி எழுதினாரு.”

கடைசிப் பக்கம். கை நடுங்கிய எழுத்து.

‘நான் சைபர். பொகையப் பாத்தேன், சோறாக்குறாங்கன்னு நெனச்சிட்டேன். பாலாஜி சைபர். ரூத்து ஒண்ணு.’

அதற்குக் கீழே இன்னொரு வரி.

‘ரூத்து எனக்கு சொன்னது தப்பு. ஆனா காரணம் நல்லா கீது. இன்னொரு அரை.’

காரிய வீடு என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அவரை நான் ஏமாற்றவில்லை. என்னால் முடியவும் முடியாது.

டப்பா இன்னும் பேருந்திலேயே இருக்கிறது. புது ஓட்டுநரிடம் அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். நோட்டு அண்ணியிடம் இருக்கிறது, அது அங்கேதான் இருக்க வேண்டும். நான் வைத்துக்கொண்டது அந்த அரை மார்க்கை மட்டும். பள்ளியிலிருந்து இன்றுவரை எத்தனையோ பேர் எனக்கு மார்க் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.