முகம் மூடாத படம்

அந்த மூன்று படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை.

போன டிசம்பர் விடுமுறை. ஆம்பூரில் நண்பன் இம்ரான் வீட்டில் பிரியாணிக்குத் தம் போட்ட தணல் மீதமிருந்தது. "குளுரு ஜாஸ்தியா இருக்குடா, உள்ள வெச்சிக்கலாம்" என்று அதைத் தட்டோடு கூடத்தில் வைத்து ஜன்னல்களைச் சாத்தினான். நான் மேகம் இறங்கிய மலையைப் படமெடுக்க மாடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது இம்ரான், அவன் அக்கா, அவள் கைக்குழந்தை, அம்மா எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அழகாக இருந்தது. ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். யாரும் அசையவில்லை.

படங்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இம்ரானின் அம்மா கேமராவுக்கு முகம் காட்டவே மாட்டார். தூக்கத்தில் எடுத்தாலும் விழித்து, "என்னிய இன்னாத்துக்குப்பா புடிக்கற" என்று முந்தானையால் மூடிக்கொள்வார். மூன்று படத்திலும் முகம் திறந்தே கிடந்தது. எனக்கும் தலை சுற்றியது. தணல் கூடத்துக் காற்றையே விஷமாக்கியிருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிக் கத்தினேன். அக்கம்பக்கத்தார் மற்றவர்களை இழுத்து வந்தார்கள். குழந்தை அழ வெகுநேரம் ஆனது. எல்லோரும் பிழைத்தார்கள்.

இப்போதும் நான் படமெடுக்கப் போனை எடுத்தால் இம்ரானின் அம்மாவுடைய கை முந்தானைக்குப் போகிறது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.