சுகந்தி கிணற்றடியில் இருந்த மத்தியானம்

போன கார்த்திகையில், எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து கிழமைகளில், என் மனைவி சுகந்தி அவன் அழுதாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்கத் தொடங்கினாள்.

நான் விசுவமடுவில் மேசன் வேலை செய்கிறவன். கடவுள் செய்ததைச் சொல்வதென்றால் நான் செய்ததையும் சொல்லவேண்டும். அதனால்தான் இவ்வளவு நாளும் சபையில் சாட்சி சொல்ல எழும்பாமல் இருந்தேன்.

மூத்தவள் அபி பிறந்தபோது சுகந்தியின் தாய் உயிரோடு இருந்தார். எல்லாவற்றையும் அவரே பார்த்தார். பிள்ளை வளர்ப்பது இலேசான காரியம் என்று நினைத்துவிட்டேன். இம்முறை வீட்டில் வேறு யாரும் இல்லை. சின்னவன் பகல் முழுக்க அழுவான். மூன்று வயது அபி தாயின் சட்டையை விடமாட்டாள். முன்பு சுகந்தி சமைக்கக் குசினிக்குள் போனால் பாட்டுச் சத்தம் கேட்கும். அது நின்றுபோனது. தலை வாரி இழுக்க மறந்தாள். பிள்ளையின் துணிகள் வாளியிலேயே கிடந்து மணத்தன.

நான் வேலையால் வந்து, “வீட்டில இருக்கிற உனக்கு அப்பிடி என்ன வேலை?” என்று கேட்டேன். ஒரு நாள் இல்லை, பல நாள்.

அயலில் சிலர் பேய்க்குணம் என்றார்கள். நான் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து, இவளை மாற்றும் ஆண்டவரே என்று கேட்டேன். நாளுக்கு நாள் மோசமானது. கடைசியில் ஜெபிப்பதையும் விட்டுவிட்டேன். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மழையால் வேலை நின்று, மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அபி நிலத்தில் இருந்து, தம்பியின் வாயில் கரண்டியால் ஆறிய தேத்தண்ணீரைப் பருக்கிக்கொண்டிருந்தாள். அம்மா எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் கையைக் காட்டினாள்.

சுகந்தி மழையில் நனைந்தபடி கிணற்றுக்கட்டில் இருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“நான் இல்லாட்டித்தான் பிள்ளையள் நல்லா இருக்குங்கள். அவனைப் பாயில கிடத்திப்போட்டுத்தான் வந்தனான்.”

அந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டேன். தெரிந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. “எனக்கு ஒண்டும் தெரியேல்லை ஆண்டவரே, ஆரையாவது அனுப்பும்” என்று மட்டும் சொன்னேன். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அரை மணித்தியாலம் போயிருக்காது. படலையடியில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பிள்ளைகளை நிறுக்க வரும் மருத்துவமாது. எங்களிடம் வரவேண்டிய நாள் அது இல்லை. அடுத்த ஒழுங்கையில் அவர் பார்க்கப்போன வீடு பூட்டியிருந்ததாம். மழைக்கு ஒதுங்க வந்திருக்கிறார். வந்தவர் பிள்ளையைத் தூக்கவில்லை. சுகந்தியின் முகத்தைப் பார்த்தபடி பக்கத்தில் இருந்தார்.

“தங்கச்சி, கடைசியா எப்ப வடிவா நித்திரை கொண்டனீங்கள்?”

நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. சுகந்தி விம்மி விம்மி அழுதாள்.

இது பேயுமில்லை, சோம்பலுமில்லை, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிலருக்கு வருகிற வருத்தம், மருந்து இருக்கிறது, இவரை ஒரு நிமிஷமும் தனியே விடவேண்டாம் என்று அவர் எனக்குச் சொன்னார். ஓட்டோ பிடித்து, கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் எங்களோடு வந்தார்.

சுகந்தியும் சின்னவனும் மூன்று கிழமை அங்கே நின்றார்கள். நான் அபியோடு வீட்டில். அவளுக்குச் சாப்பாடு தீத்தி, குளிக்க வார்த்து, துணி தோய்த்து, இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கே குசினி நிலத்தில் இருந்து அழுதேன். எனக்கு இருந்தது ஒரு பிள்ளை மட்டும். நித்திரையும் கொண்டிருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மருந்து இன்னும் போகிறது. சில காலைகளில் சுகந்தி எழும்பமாட்டாள். நான் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். சபைச் சகோதரிகள் இரண்டு பேர் முறை வைத்து வந்து கூட இருக்கிறார்கள். போன கிழமை சின்னவனைத் தானே வெயிலில் வைத்துக் குளிப்பாட்டினாள். வேலிக்கரையில் நின்று பார்த்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இதைச் சபையில் சொல்லவா என்று அவளிடம் கேட்டேன்.

“ஓம், சொல்லுங்கோ. ஒண்டையும் மறைக்காதேங்கோ. இஞ்ச இருக்கிற ஆரோ ஒருத்தரின்ர வீட்டில என்னை மாதிரி ஒருத்தி இருப்பாள். அவளிட்டப் போய், வடிவா நித்திரை கொண்டியா எண்டு கேக்கச் சொல்லுங்கோ.”