வாசலில் உட்கார்ந்திருந்த தேவராஜ் சார்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, சைக்கிளை எடுக்கப் போனேன். ஸ்டாண்டுக்காரர் டோக்கனை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"உங்க தேவராஜ் சார் பூட்டாரு சார். மத்தியானமே."

சேலையூரில் அவர் வீடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

தேவராஜ் சார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு சீனியர். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். எண்பத்தாறாம் வருஷம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது வழுக்கிக் கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்ச்சியும் போயிற்று. சக்கர நாற்காலியோடு அவர் வீடு திரும்பியதும் ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் போய், அவரைத் திருநீர்மலைக்குத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னோம்.

"மலையேத்தறது இருக்கட்டும்யா. முதல்ல என் வாசப்படியைத் தாண்ட வைங்க" என்றார்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே படிமேல் சிமெண்டுச் சரிவு போட்டுக் கொடுத்தோம். அதன்பிறகு சாயங்காலமானால் மடியில் டிரான்சிஸ்டரோடு கேட்டருகே வந்து உட்கார்ந்துவிடுவார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் "சார், ஸ்கோர் என்ன?" என்பார்கள். மேட்ச் இல்லாத நாளிலும் யாரையும் சும்மா அனுப்பமாட்டார். எனக்குக் கிரிக்கெட்டில் ஒரு மண்ணும் தெரியாது. "உன்கிட்ட பேசறதுக்கு இந்த கேட்டுகிட்ட பேசலாம்" என்று திட்டுவார்.

உணர்ச்சியில்லாத உடம்பு வலியைச் சொல்லாது. ஒரே இடம் அழுந்திப் புண்ணாகாமலிருக்க, கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். தோள் வலி வந்தபின் அதுவும் முடியவில்லை. உட்காரும் இடத்தில் புண் வந்து எலும்பு வரை போயிற்று. குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் கிடந்தார், ஆறியது. மறுபடி உட்கார்ந்தார், மறுபடி வந்தது. இந்த முறை படுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"நீங்களாவது சொல்லுங்கண்ணா. என் பேச்சை எங்க கேக்கறாரு?" என்று அவர் மனைவி கமலா அழுதார். சொன்னேன்.

"படுத்துட்டா, வர்றவங்க எல்லாம் கமலாகிட்டதான்யா கேக்கறாங்க. 'சார் சாப்பிட்டாரா, சார் தூங்கினாரா'ன்னு. நான் பக்கத்துலதானே கிடக்கேன்! வாசல்ல உட்கார்ந்தா என்கிட்ட ஸ்கோர் கேக்கறாங்க. எதை விடட்டும், நீயே சொல்லு."

கமலாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். கடைசியில் அந்தப் புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறித்தான் அவர் உயிர் போயிற்று.

நான் போனபோது கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போய்க் கமலாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சார் எப்போ போனாரு? சார் கடைசியா ஏதாவது சாப்பிட்டாரா?"

எனக்குப் பொறுக்கவில்லை. போய் வாருங்கள் சார் என்று சொல்லத்தான் அவர் காதருகே குனிந்தேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்காதது வாயில் வந்தது.

"சார், ஸ்கோர் என்ன?"