மூலையில் கலங்கிய படம்

வலியசாலை மங்கலத்துக்கு லென்ஸ் வடிவமைக்கும் ஆய்வகத்தில் வேலை. எழுபத்து மூன்றாம் வருஷம் அவளிடம் ஒரு கேமரா லென்ஸை ஒப்படைத்தார்கள். மூன்று கண்ணாடிகள் கொண்டது. ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடியிலும் எவ்வளவு திரும்புகிறது, கடைசியில் பிலிமில் எங்கே விழுகிறது என்று கணக்கிட வேண்டும். கதிர்கள் ஒரே புள்ளியில் சேரும்வரை கண்ணாடிகளின் வளைவையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே போகவேண்டும்.

கம்ப்யூட்டர் வேறொரு அலுவலகத்தில் இருந்தது. எண்களைக் கார்டுகளில் துளைகளாக இட்டு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். வந்த விடையில் கதிர்கள் அருமையாகச் சேர்ந்திருந்தன. ஆனால் ஒரு கண்ணாடியின் விளிம்புத் தடிமன் பூஜ்யத்துக்கும் கீழே! அப்படியொரு கண்ணாடியை யார் தேய்த்து உருவாக்குவது? விளிம்புக்கு வரம்பு வைத்து அனுப்பினால் கதிர்கள் மறுபடி சிதறின. அவற்றைச் சேர்ப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

“ஒரே தளத்துல போற கதிரை மட்டும்தான் பாத்திருக்கேன் சார். குறுக்கே சாஞ்சு வர்றதையும் பாக்கணும்” என்றாள் மேலதிகாரி நாகேஸ்வரனிடம்.

“இனி கம்ப்யூட்டர் டைம் கிட்டாது. இது மதி, போதும் மங்கலம். தேய்க்கக் குடுத்துடலாம்” என்றார் அவர், மலையாளம் கலந்து.

லென்ஸ் தயாரானது. மாடியிலிருந்து எடுத்த சோதனைப் படத்தில் நடுவிலிருந்த கட்டிடம் துல்லியமாக விழுந்தது. மூலையிலிருந்த தென்னைகள் பஞ்சாகக் கலங்கின.

“நீ என்ன கணக்குப் போட்டே?” என்றார் நாகேஸ்வரன். மங்கலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

விட்டுப்போன கதிர்களை வீட்டில் கையாலேயே கணக்கிட உட்கார்ந்தாள். ஆரியசாலை மொத்தக்கடையில் கணக்கெழுதும் கணவன் சாம்பசிவன் மடக்கை அட்டவணையிலிருந்து எண்களை வாசித்தான்.

“தப்பா வாசிச்சேளா? இந்தக் கதிர் கண்ணாடிக்கு வெளியிலே போறதே!”

“ரெண்டு தடவை வாசிச்சாச்சு. உன் தாளைப் பாருடி.”

பார்த்தாள். எங்கோ ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தாள். அதுவரை போட்டதெல்லாம் வீண். தாள்களைக் கசக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கடைசியில் காரணம் பிடிபட்டது: குறுக்கே சாய்ந்து வரும் கதிர்கள்தான் மூலையில் வழிதவறின. சரிசெய்யக் கண்ணாடியின் வளைவை மாற்றவேண்டும். புதுக் கண்ணாடிக்கு நாகேஸ்வரன் சம்மதிக்கவில்லை. வழிதவறும் கதிர்களை மறிக்கக் கறுப்பு வளையம் ஒன்றைப் பொருத்தினாள். கலங்கல் போயிற்று, மூலைகள் இருண்டன.

“படம் நன்னாயிருக்கே!” என்றார் நாகேஸ்வரன்.

“சரிபண்ணலை சார். மறைச்சிருக்கேன்.”

அவர் அடுத்த வேலையைப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த லென்ஸ் பல வருஷம் ஓடியது. ஒருவரும் குறை சொல்லவில்லை. மங்கலத்துக்கு அதுதான் தாங்கவில்லை.