அப்பா போயிட்டார்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குடும்பத்தில் வைத்த பட்டப்பெயர் சி.ஐ.டி. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் பிழைப்பு. செத்துப்போன சொந்தக்காரர்களைத் தேடிப் பிடிப்பது பொழுதுபோக்கு. சாப்பாட்டு மேஜை முழுக்கப் பழைய கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், மறந்தும் சிரிக்காத முகங்களின் போட்டோக்கள். தட்டு வைக்க இடம் கிடையாது. உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிறார் என்பது மனைவியின் புகார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சுவரில் ஒட்டியிருந்த வம்ச வரைபடத்தில் ஒரே ஒரு கட்டம் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. அவருடைய தாத்தா அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். பிறந்த வருஷம் கிடைத்தது, கல்யாணத் தேதி கிடைத்தது, எந்தெந்த அச்சகத்தில் வேலை பார்த்தார் என்பதுகூடக் கிடைத்தது. பிள்ளைகள் இரண்டு. மூத்தவர் அத்தை, இளையவர் மெக்கானிக்கின் அப்பா. அத்தைக்கு ஆறு வயது, அப்பா கைக்குழந்தை, அப்போதே தாத்தா போயிட்டார். வீட்டில் எல்லோர் வாயிலும் அந்த ஒரு வார்த்தைதான். எப்படி, என்ன நோய் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். எப்போது என்கிற கட்டம் காலியாகவே கிடந்தது.

அத்தை டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து அப்படியே நின்றது. மருமகனின் ஆராய்ச்சியை அவர் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய பிறகு மட்டும், கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"எனக்காக ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுடா. அப்பா எப்பப் போனார்னு. நான் போறதுக்குள்ள தெரிஞ்சாப் போதும்."

அத்தை இதுவரை யாரிடமும் எதையும் கேட்டவர் இல்லை. மெக்கானிக் லீவு போட்டுவிட்டுப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அத்தைக்கு ஆறு வயதான வருஷத்தில் தாத்தாவைக் காணோம். முந்தின வருஷம் இல்லை, பிந்தின வருஷமும் இல்லை. இவர் தலையைக் கண்டாலே ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் பெருமூச்சு விடும் அளவுக்கு ஆகிவிட்டது. கடைசியில் அந்த அம்மாளே பொறுமை இழந்து, வருஷத்தை விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லி, பெயரை மட்டும் கம்ப்யூட்டரில் தட்டினார். ஒரே ஒரு பதிவு வந்தது, வேறு ஊரில் பதிந்தது. தகப்பன் பெயர் சரி. தொழில், அச்சுக் கோர்ப்பவர். அதுவும் சரி. வருஷம்தான் உதைத்தது. அது மெக்கானிக் மீசை முளைத்து, தொழில் படித்துக்கொண்டிருந்த வருஷம்.

தாத்தா அதுவரை இருந்திருக்கிறார். பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடக்கூடிய இன்னொரு ஊரில் சாப்பிட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டு, இருந்திருக்கிறார்.

அந்த ஊர் அலுவலகத்திலிருந்து பதிவுப் பக்கத்தின் நகலை வரவழைத்துக் கையில் வாங்கியதும் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தகவல் கொடுத்தவர்: மகள். பக்கத்தில் அத்தையின் பெயர், முன்னெழுத்து உட்பட. கீழே ஒரு கையெழுத்து.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. போய் அடக்கம் முதற்கொண்டு பார்த்துவிட்டு வந்து, இத்தனை வருஷம் வாயே திறக்காமல், இப்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரித் தன்னை அலையவிட்டிருக்கிறார் அத்தை. நேரே அவர் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிய கையோடு காகிதத்தை டீப்பாயில் வைத்தார்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தேதி இருந்த இடத்தில் கண் நின்றுவிட்டது.

"செத்துட்டார்னு எங்க எல்லாரையும் நம்ப வச்சிட்டீங்களே, அத்தை."

"நான் எப்படா செத்துட்டார்னு சொன்னேன்? போயிட்டார்னு அம்மா சொன்னாங்க. போயிட்டார்னு நானும் சொன்னேன்."

வந்த செய்தியை வந்தபடியே கொடுப்பதுதான் அவர் சம்பளம் வாங்கிய வேலை. அதை வீட்டிலும் செய்திருக்கிறார். எந்தப் போயிட்டார் என்று அம்மாவிடம் கேட்டதே இல்லையாம். அன்றைக்குக் கொடியில் அப்பாவின் சட்டைகள் ஒன்றுகூட இல்லை. செத்தவர் சட்டையை எடுத்துக்கொண்டா போவார் என்று ஆறு வயதிலேயே தோன்றியிருக்கிறது. இருந்தும் கேட்கவில்லை. கேட்டால் அம்மா பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். அந்தப் பயத்திலேயே ஒரு ஆயுள் ஓடிவிட்டது.

மெக்கானிக் விடவில்லை. அப்படியானால் இதில் கையெழுத்துப் போட்டது யார் என்று விரலால் தட்டிக் காட்டினார். அத்தை குனிந்து பார்த்தார்.

"பேர் என்னுது. கையெழுத்து என்னுது இல்ல."

ஊர்க் கதையெல்லாம் துப்பறிந்த சி.ஐ.டி.க்கு இது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. அப்பா ஒருவரே என்றால் முன்னெழுத்தும் ஒன்றாகத்தான் இருக்கும். மகள் என்று எழுதியிருந்ததும் பொய்யில்லை. அந்த ஊரில் தாத்தாவுக்கு இன்னொரு வீடு, இன்னொரு மகள். அவளுக்கும் இதே பெயர். வரைபடத்தில் புதிதாக ஒரு கிளை கிடைத்துவிட்டது. சந்தோஷப்படத்தான் அவரால் முடியவில்லை. கோபத்தோடு படியேறி வந்தது வெட்கமாக இருந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, உங்கள் மேல் இருந்த பாசத்தில்தான் அந்தப் பெயரை வைத்திருப்பார் என்றார்.

"பாசம்தான். யார் இல்லைன்னா?" அத்தை காகிதத்தை நாலாக மடித்து அவரிடமே நீட்டினார். "உயிரோட இருக்கிற பொண்ணு பேரை இன்னொரு பொண்ணுக்கு வைப்பாங்களாடா? போனவங்க பேரைத்தானே வைப்பாங்க."

கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்தார்.

"அப்ப அந்த வீட்டுல நான்தான் போயிட்டேன்."